விளக்கு முன்னால் வார்த்தை வராதபோது

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். எனக்கு 41 வயது. கடலூரில் தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய ஊர். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக சுகர். போன வருடம் இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வாரம் மூன்று நாள் புதுச்சேரிக்கு டயாலிசிஸ் கூட்டிப் போகிறேன். 2024 டிசம்பரில் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து பீரோ வரைக்கும் முழுகிப்போனது. அப்போது வாங்கிய குழுக் கடன் இன்னும் முடியவில்லை. சாயங்காலம் விளக்கு ஏற்றுகிற நேரத்தில்தான் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்கிறார்.

தினமும் விளக்கேற்றி அரை மணி நேரம் சாமி கும்பிட்டவள் நான். இப்போது உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை, கோபம்தான் வருகிறது. மகன் பிறந்தபோது திருப்பதியில் மொட்டை போடுவதாக வேண்டி, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். அவனுக்கு இப்போது பதினைந்து வயது, இன்னும் போகவில்லை. அந்தத் துணியும் வெள்ளத்தில் நனைந்து சேறாகிவிட்டது, தேடி எடுத்து வைத்திருக்கிறேன். நேர்த்திக்கடன் பாக்கி வைத்ததால்தான் இந்த நோய் என்கிறார் நாத்தனார். அவர் சொல்லி ஒரு சாமியாரிடம் போனோம். பரிகாரத்துக்கு 25,000 ரூபாய் கேட்கிறார். செவ்வாய், வெள்ளியில் வீட்டுக்காரரும் வெறும் பழமும் இளநீருமாக விரதம் இருக்க வேண்டும் என்கிறார். இரண்டு வாரமாக இருக்கிறார். சில ராத்திரிகளில் எல்லாம் முடிந்துபோனால் தேவலை என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. கடவுளை இன்னும் நம்பலாமா அக்கா? எப்படி வேண்டினால் கேட்பார்?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் கேட்டிருப்பது கடவுளைப் பற்றி. ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் என்னால் அதற்குள் போக முடியும்.

முதலாவது, அந்த இளநீர். இன்றே நிறுத்துங்கள். டயாலிசிஸில் இருப்பவரின் கிட்னியால் பொட்டாசியத்தை வெளியே தள்ள முடியாது. இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, உலர்ந்த பழங்கள் எல்லாவற்றிலும் அது நிறைய இருக்கிறது. இரத்தத்தில் அளவு கூடினால், பெரிதாக எந்த அறிகுறியும் காட்டாமலே இதயத் துடிப்பு தடுமாறி நின்றுவிடலாம். சுகருக்கு மருந்து எடுப்பவர் வயிற்றைக் காயப்போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கி விழும் ஆபத்து வேறு இருக்கிறது. 22 வருடமாக மருத்துவ சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன், அதில் பாதிக்கு மேல் டயாலிசிஸ் பிரிவில்தான். ஆடி வெள்ளிக்கு மறுநாள், கந்த சஷ்டிக்கு மறுநாள் காலையெல்லாம் எங்களுக்குப் பயந்த பொழுதாகத்தான் விடியும். இரண்டு வாரம் விரதம் இருந்ததை அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும். உடம்பு முடியாதவருக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்பது எல்லா மதப் பெரியவர்களும் சொல்வதுதான். தண்ணீரும் அவருக்கு அளவோடுதான் என்பதால், கோயிலில் தீர்த்தம் கொடுத்தால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, அந்த ராத்திரிகள். அலுப்பில் எழுதிய வரி என்று அதைத் தாண்டிப் போக நான் தயாராக இல்லை. வருடக்கணக்கில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அந்த நினைப்பு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். யாரிடமும் சொல்லாமல் இருக்கும்போதுதான் அது வளர்கிறது. 14416 என்ற எண்ணுக்கு ராத்திரி எத்தனை மணிக்கும் கூப்பிடலாம். அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். நினைப்பு தீவிரமாகி, எப்படி என்று யோசிக்கிற அளவுக்குப் போனால் தனியாக இருக்காதீர்கள். மகனையோ பக்கத்து வீட்டுக்காரரையோ எழுப்பிக்கொண்டு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இப்படித் தோன்றியது என்று உங்கள் அம்மாவிடமோ அக்காவிடமோ இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன்.

சாமி முன்னால் உட்கார்ந்தால் கோபம் வருகிறது என்பதை ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நம் பேச்சில் 'முறையிடுவது' என்று ஒரு வார்த்தை உண்டு. கலெக்டரிடமும் முறையிடுகிறோம், கடவுளிடமும் முறையிடுகிறோம். குறை சொல்வதும் வேண்டுவதும் அந்த ஒரே வார்த்தைக்குள் இருக்கின்றன. வார்த்தை வரவில்லை என்றால், பழைய துதி வார்த்தைகள் வரவில்லை என்றுதான் அர்த்தம். கோபத்தில் வருகிற வார்த்தைகளைச் சொல்லிவிடுங்கள். அதுவும் பிரார்த்தனைதான்.

உங்கள் ஊரிலிருந்து திருவதிகை எத்தனை தூரம்? பண்ருட்டி பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அப்பர் தன் முதல் பதிகத்தைப் பாடியது அங்கேதான். சூலை என்கிற வயிற்று நோயில் துடித்துக்கொண்டு வந்து நின்றவர், முதல் வரியிலேயே சிவனிடம் குறைதான் சொல்கிறார். எமனைப் போல் வந்து வதைக்கிறதே, இதை விலக்காமல் இருக்கிறீரே என்கிறார். குடலோடு சேர்த்து முறுக்கி முடக்கிப்போடுகிறது, 'ஆற்றேன் அடியேன்' என்கிறார். என்னால் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். 1,300 வருடத்துக்கும் மேலாகிவிட்டது, இன்னும் கோயில்களில் அதை ஓதுகிறார்கள். எங்கள் பிரிவில் ஒரு பாட்டி இருந்தார், வில்லியனூர் லூர்து மாதாவிடம் அசையாத பக்தி. மெஷின் ஓடுகிற நான்கு மணி நேரமும் திருப்பாடல் புத்தகத்தில் ஒரே பக்கத்தைத்தான் திறந்து வைத்திருப்பார். ஏன் என்னைக் கைவிட்டீர் என்று தொடங்குகிற 22ஆம் பாடல். ஏசு சிலுவையில் சொன்ன வார்த்தை, நான் சொன்னால் தப்பா என்று கேட்பார்.

என் அப்பா கதையையும் சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கம் எங்களுக்குப் பலாத் தோப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பொழுது விடிந்து போய்ப் பார்த்தால், தாத்தா வைத்த மரங்கள் வேரோடு புரண்டு கிடக்கின்றன. மரம் கிடந்த குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. அப்பா அந்தக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஒரு மாதத்துக்கும் மேல் கோயில் பக்கமே போகவில்லை, திருநீறும் பூசவில்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவதிகைக்குப் போய்ச் சன்னிதி முன்னால் நின்று, எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடுகிற மாதிரி சத்தம் போட்டிருக்கிறார். அங்கே இருந்தவர்கள் யாரும் அவரைத் தடுக்கவில்லை. அந்த வாரத்தில் அவர் முதல் ஆளாக இருந்திருக்கவும் மாட்டார். வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் முழுதாக ஒரு வேளைச் சோறு சாப்பிட்டார். விழுந்த மரம் எழவில்லை. ஊரே ஒரே நேரத்தில் மரத்தை அறுத்து விற்றதால் விலையும் கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனார். அடுத்து வந்த ஆடியில் கன்று வைத்தார். பலா காய்க்கக் குறைந்தது ஐந்தாறு வருடம் ஆகும் என்று தெரிந்தேதான் வைத்தார்.

அப்பரை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அவருடைய அக்கா திலகவதியார்மேல் இன்னும் கூடுதலான மனசு. பெரியபுராணத்தில் அவர் கதையைக் கேட்டிருப்பீர்கள். நிச்சயம் செய்த மாப்பிள்ளை போர்க்களத்தில் இறந்துவிட்டார், அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. தம்பிக்காகவே உயிரை வைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தம்பியும் தன்னை விட்டுச் சமண மதத்துக்குப் போனபோது, திருவதிகைக் கோயிலைக் கூட்டி, மெழுகி, பூ கட்டிக்கொண்டு அவனுக்காக வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டியது நடந்தது வெகுகாலம் கழித்துத்தான். நோயில் கிடப்பவருக்குப் பக்கத்தில் நிற்பவரின் பிரார்த்தனை அது. நீங்கள் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள். அவர் கையில் அப்போது துடைப்பம் இருந்தது. உங்கள் கையில் ரிப்போர்ட் ஃபைலும் டிபன் பாக்ஸும் இருக்கின்றன.

அந்தக் கதையில் சூலையைக் கொடுத்ததே சிவன்தான் என்று வரும். நாத்தனார் அதை எடுத்து உங்களிடம் நீட்டலாம். அப்பருக்கு நடந்ததை அப்பரே சொல்லிக்கொள்ளலாம். இன்னொருவர் நோய்க்கு இதுதான் காரணம் என்று வெளியிலிருந்து சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. பல வருடம் கட்டுப்படாத சுகர் கிட்னியின் நுண்ணிய இரத்தக்குழாய்களைக் கெடுக்கும். இரத்தக் கொதிப்பும் அதையே செய்யும். கிட்னி செயலிழப்புக்கு முதன்மையான காரணங்கள் இவை இரண்டும்தான். மொட்டை போடாததால் இரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவு ஏறாது. சரியாக மாத்திரை கொடுக்காமல் விட்டுவிட்டோமோ என்று உங்களை நீங்களே குத்திக்கொள்ளவும் வேண்டாம். வலி இல்லாத நோயை நம் வீடுகளில் யாருமே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த 25,000 ரூபாயைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. கொடுக்காதீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே வடலூர் இருக்கிறது. வள்ளலார் 1867இல் தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையவில்லை, யார் போனாலும் சாதி, மதம் கேட்காமல் சோறு போடுகிறார்கள். மனசு பாரமாக இருக்கும்போது ஒருநாள் அங்கே போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பயத்தைக் காட்டிக் காசு கேட்கும் இடத்துக்கும் பசிக்குச் சோறு போடும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் இலை முன்னால் உட்கார்ந்தவுடன் தெரியும்.

எப்படி வேண்டினால் கேட்பார் என்று கேட்டீர்கள். இப்படி வேண்டினால் பிழைப்பார் என்று ஒரு முறை இருந்தால் நான் இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்டிருப்பேன். உருகி உருகி வேண்டியவர்கள் இழந்ததையும் பார்த்தேன், சாமியே கும்பிடாதவர் வீட்டுக்காரருக்குச் சகோதரியின் கிட்னி பொருந்தியதையும் பார்த்தேன். அதனால் பிரார்த்தனையை விலை மாதிரி நான் நினைப்பதில்லை. ஆனாலும் நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கை எனக்கு வந்தது ஒரு டயாலிசிஸ் வராந்தாவில்.

பல வருடம் முன்பு வீட்டுக்காரரை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா வருவார், பாகூர்ப் பக்கம். காலை ஐந்து மணி ஷிப்ட். ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களை எண்ணிக்கொண்டே இருப்பார். விரலுக்கு மூன்று, கைக்குப் பன்னிரண்டு, ஒன்பது சுற்று வந்தால் 108. என்ன வேண்டுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ஊசி ஒரே குத்துல ஏறணும், அதான்" என்றார். முதல் வருடம் கிட்னி சரியாகணும் என்று வேண்டினாராம். அப்புறம் மாற்றுக் கிட்னி கிடைக்கணும் என்று. அதற்கப்புறம் அன்றைக்கு வேண்டியதை மட்டும் கேட்க ஆரம்பித்துவிட்டார். ஊசி ஏறணும், பஸ்ஸில் இடம் கிடைக்கணும், திரும்பிப் போகும்போது அவருக்குக் கால் பிடித்து இழுக்கக் கூடாது. சின்னச் சின்னதாகக் கேட்டதில் பாதி நாள் கிடைத்தது. கிடைத்த அன்றைக்கு நன்றி சொன்னார். ஒன்பது வருடம் அப்படி ஓடியது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபின், காரியமெல்லாம் முடித்துவிட்டு எங்களைப் பார்க்க ஒருநாள் வந்தார். சாமிமேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். "இருக்குக்கா. ஆனா ஒன்பது வருஷமும் ஒத்தையில நடந்த மாதிரி இல்ல" என்றார். நம்பிக்கை என்றால் கேட்டது கிடைக்கும் என்ற உறுதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். வீட்டுக்காரருக்குக் கையில் பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இரத்தக்குழாய்களை இணைத்த இடம், வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் பூனை உறுமுகிற மாதிரி விர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். அது ஓடுகிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அதிர்வு இல்லை என்றால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. காலையில் எழுந்ததும் அங்கே விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடுங்கள். துதி வேண்டாம், சுலோகம் வேண்டாம். ஓடுகிறது, இன்றைக்கு ஒருநாளைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லுங்கள். அரை மணி நேரம் தேவையில்லை. அவரும் கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நல்லது. எத்தனை நாளாக நீங்கள் இரண்டு பேரும் நோயைத் தவிர வேறு எதையும் சேர்ந்து பேசவில்லை என்று அப்போது தெரியலாம்.

வேண்டிவிட்டு எழுந்து செய்ய வேண்டியதும் இருக்கிறது. குழுக் கடன் கொடுத்தவர்கள் மாலை 6 மணிக்கு மேல் வசூலுக்கு வரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது, காலை 9 மணிக்கு முன்னாலும் கூடாது. வாசலில் நிற்பவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விளக்கு நேரம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கட்டும். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். டயாலிசிஸ் அதில் வரும். கடலூரிலேயே அந்த அட்டையில் இடம் கிடைக்குமா என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். வாரம் மூன்று நாள் புதுச்சேரிக்கு ஓடுவது மிச்சமானால் உங்களுக்குத் தூங்கவாவது நேரம் இருக்கும். மாற்றுக் கிட்னிக்குப் பதிவு செய்வதைப் பற்றியும் டாக்டரிடம் பேசுங்கள். உதவி கேட்டுப் போய் நிற்பதை அவமானமாக நினைக்காதீர்கள். சாமியிடம் கேட்ட வாயால் மனிதர்களிடமும் கேட்கலாம்.

கடைசியாக அந்த மஞ்சள் துணி. நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் கொடுத்த வாக்கு மனசில் கிடந்து உறுத்தினால் அதை இறக்கி வைப்பதில் தப்பில்லை. கடன் வாங்கித் திருப்பதிக்குப் போக வேண்டாம். பக்கத்திலேயே திருவந்திபுரம் இருக்கிறது. திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு போக முடியாதவர்கள் தேவநாத சுவாமி கோயிலில் அதைச் செலுத்துவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். உங்கள் அம்மாவிடம் கேட்டால் சொல்வார். டயாலிசிஸ் இல்லாத ஒருநாள் காலையில் மூன்று பேருமாகப் போய்விட்டு வாருங்கள். பதினைந்து வயதுப் பையன் மொட்டைக்கு மாட்டேன் என்றுதான் சொல்வான். கட்டாயப்படுத்தாதீர்கள், மூன்று விரல்கடை முடி கொடுத்தாலும் போதும். சேறு படிந்ததே என்று அந்தத் துணியை மாற்ற வேண்டாம். வெள்ளத்திலும் அதைத் தேடி எடுத்து வைத்திருந்தீர்களே, அந்த முடிச்சோடு அப்படியே உண்டியலில் போடுங்கள்.

போய்விட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா